தாத்தாவின் யெஸ்டியும் பதினேழு வளைவும்!

போடிநாயக்கனூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதுமே மூக்குக்குத் தெரிந்துவிடும், இது எந்த ஊர் என்று. ஏலக்காய்! பெட்டிக் கடை டீயில், குடோன் வாசலில், பக்கத்தில் நடக்கிறவர் சட்டையில்... எங்கேயும் அதே வாசனை. இங்கே கிலோ கணக்கில் ஏலம் போகிறது ஏலக்காய். 2019 ஆகஸ்ட்டில் பக்கத்து இடுக்கி மாவட்டம் புத்தடி ஏலத்தில் ஒரு கிலோ ஏழாயிரம் ரூபாயைத் தொட்டபோது, ஊரே நிமிர்ந்து உட்கார்ந்ததாக மாமா சொல்வார்.

ஆனால், நான் இந்த செமஸ்டர் லீவில் போடிக்கு வந்தது ஏலக்காய்க்காக இல்லை பாஸ்... பைக்குக்காக!

மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம். எனக்கும் ரூம்மேட்டுக்கும் ஒரே வெறி: பழைய டூ-ஸ்ட்ரோக் பைக் ஒன்று வாங்கணும், அதை மண்ணில் பாயும் மோட்டோகிராஸ் பைக்காக மாற்றணும், ரேஸில் ஓட்டணும். கையிருப்பு முப்பத்தஞ்சாயிரம். அதில் பாதி ட்யூஷன் எடுத்து சேர்த்தது. மீதி... அம்மா இதைப் படிக்காமல் இருக்கணும்!

'அதுக்கு ஏன்டா போடி?' என்றான் ரூம்மேட். காரணம் இருக்கிறது. அம்மாவுக்கு இதுதான் ஊர். மலையும் மண் ரோடும் உள்ள ஊரில்தான் பழைய வண்டிகள் உயிரோடு இருக்கும். முக்கியமாக, மாமா வீட்டுக் கொட்டகையில், இலவம்பஞ்சு மூட்டைகளுக்குப் பின்னால், தார்ப்பாய் போர்த்திக்கொண்டு ஒன்று நிற்கிறது. தாத்தாவின் யெஸ்டி. 1975 மாடல்!

மோட்டோகிராஸுக்கு நூறு வயசு

கொஞ்சம் வரலாறு, போரடிக்காமல். 1924-ல் இங்கிலாந்தின் கேம்பர்லி என்ற ஊரில், மேடு பள்ளத்தில் பைக் விட்டுப் பார்க்க ஒரு போட்டி வைத்தார்கள். 'ஸ்க்ராம்பிள்' என்று பெயர் வைத்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போனதும் அது மோட்டோகிராஸ் ஆனது. மூடிய சுற்றுப்பாதை, மண், மேடு, தாவல்... முதலில் வந்தவன் ஜெயிச்சவன். அவ்வளவுதான் விதி.

இப்போதைய மோட்டோகிராஸ் பைக்கின் பின் சக்கரம் ஒரு அடி வரைக்கும் மேலும் கீழும் ஆடும். அறுபதுகளின் பைக்கோ நாலு இஞ்ச் ஆடினாலே பெரிசு. மீதி அதிர்ச்சியை ஓட்டுகிறவன் முட்டிதான் வாங்கணும். அதனாலேயே அமெரிக்காவில் பழைய பைக்குகளுக்குத் தனி ரேஸ் நடக்கிறது. முன்னால் ஏழு இஞ்ச், பின்னால் நாலு இஞ்ச், அதற்கு மேல் சஸ்பென்ஷன் ஆடினால் விண்டேஜ் பிரிவில் இடமில்லை. இங்கிலாந்தில் 1965-க்கு முந்தைய பைக்குகளுக்கென்றே பிரிவு உண்டு.

இதில் நமக்கு ஒரு சொந்தம் இருக்கிறது. அறுபதுகளில் உலக மோட்டோகிராஸை ஆட்டிப் படைத்தது செக்கோஸ்லோவாகியாவின் 'சி.இசட்.' பைக். அதே நாட்டின் ஜாவாவும் அதுவும் ஒரே அரசாங்கக் குடையின் கீழ் வளர்ந்த அண்ணன் தம்பி. அந்த ஜாவாவை மைசூரில் 'ஐடியல் ஜாவா' கம்பெனி தயாரிக்க ஆரம்பித்து, பிறகு அதற்கு வைத்த பெயர்தான் யெஸ்டி. 1996-ல் ஃபேக்டரியை மூடும் வரை ஓடியது.

1964-ல் பெல்ஜியத்தின் ஜோயல் ராபர்ட் சி.இசட்.டில் 250 சிசி உலக சாம்பியன் ஆனபோது அவருக்கு வயசு இருபது. எனக்கும் இருபது! கொட்டகையில் சி.இசட்.டின் சித்தப்பா பையன் நிற்கிறது. வேறென்ன வேணும்?

"கையை வைக்காதடா மாப்ளே!"

தார்ப்பாயை விலக்கினோம். மெரூன் கலர் டேங்க், தூசிக்குள் இரண்டு சைலன்சர். ஒரே சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர்! மணிக்கணக்கில் துடைத்து, பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றி, பிளக்கைச் சுரண்டி, பாயிண்ட்டுக்கு எமரி ஷீட் போட்டு... பதினாலாவது உதையில் 'டப்... டப்... டப்' என்று பேச ஆரம்பித்தது. ஒன்பது வருஷம் கழித்து! ரூம்மேட் விசிலடித்ததில் பக்கத்து வீட்டுக் கோழிகள் ஓடின.

உதைக்கிற லீவர்தான் இதில் கியர் லீவரும். ஸ்டார்ட் ஆனதும் அதை முன்னால் திருப்பினால் கியர். கிளட்ச்சைத் தொடாமலே கியர் மாற்றலாம், காலால் லீவரை அழுத்தும்போதே கிளட்ச் விடுபடும். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய டிசைன் என்றால் நம்ப முடிகிறதா?

நான் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். மட்கார்டு, சைடு டப்பா, ஒரு சைலன்சர், ஹெட்லைட்டைக் கழற்றினால் எடை குறையும். பின் ஃபிரேமில் இரண்டு கம்பியை அறுத்து, ஷாக் அப்சார்பரைச் சாய்த்து வெல்டு பண்ணினால் சக்கர ஆட்டம் கூடும். பேனா நிற்பதற்குள் மாமா வந்துவிட்டார்.

"எதை அறுக்கப் போறீக?"

சொன்னேன்.

"கையை வைக்காதடா மாப்ளே. ஓட்டணும்னா ஓட்டு. அறுக்கிற சோலி வேணாம்."

அதோடு டீ குடிக்கப் போய்விட்டார். எனக்குக் கோபம். ஒன்பது வருஷமா தூசி தின்ன வண்டிக்கு இம்புட்டு பாசமா?

மேலே போனால் மூச்சு முட்டும்

'ஓட்டணும்னா ஓட்டு' என்றாரே... ஓட்டினோம். அதிகாலை, முந்தல் செக்போஸ்ட் தாண்டி போடிமெட்டு வரைக்கும். பதினேழு கொண்டை ஊசி வளைவு. முன்னாலும் பின்னாலும் ஜீப்புகள். எஸ்டேட் வேலைக்குப் போகிற அக்காமார்கள் தூக்குச் சட்டியோடு நெருக்கி உட்கார்ந்து, தினமும் இந்த மலையேறி கேரளாவுக்குள் போய் ஏலக்காய் பறித்துவிட்டு சாயங்காலம் இறங்குகிறார்கள். நாங்கள் ஒரு நாள் ஏறுவதற்கே செல்ஃபி எடுத்துக்கொள்கிறோம்!

புலியூத்து தாண்டியதும் யெஸ்டி இருமியது. கரும்புகை. முறுக்கினால் 'கொள கொள' என்றது, வேகம் இல்லை. மெட்டில் ஏறியதும் நின்றே போனது. பிளக்கைக் கழற்றினால் கரி.

அங்கே உட்கார்ந்துதான் தெர்மோடைனமிக்ஸ் பேப்பர் ஞாபகம் வந்தது. போடிமெட்டு சுமார் 4,500 அடி உயரம். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட எட்டில் ஒரு பங்கு குறைவு. ஆனால் கார்ப்ரேட்டர் ஜெட் அதே துளைதான், கிட்டத்தட்ட அதே பெட்ரோலைத்தான் விடும். காற்று கம்மி, பெட்ரோல் ஜாஸ்தி. எரியாமல் கரி பிடிக்கிறது. மலையில் ரேஸ் என்றால் சின்ன ஜெட் மாட்டணும். சரி, மாட்டிவிட்டு அப்படியே கீழே இறங்கினால்? கீழே காற்று கெட்டி, பெட்ரோல் பத்தாது, இன்ஜின் சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். வாத்தியார் போர்டில் எழுதியபோது தூங்கினேன். யெஸ்டி எழுப்பிவிட்டது.

சுக்குக் காபி விற்ற பெரியவர் வண்டியைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டார். "இது கணக்கப்பிள்ளை வண்டியில்ல?" தாத்தா பூப்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கணக்கப்பிள்ளை. "எறங்கும்போது பாத்து எறங்குங்க தம்பி. வளைவுக்கு வளைவு ஒரு முறுக்கு முறுக்குவாரு அவரு. சத்தத்த வச்சே ஆளு வர்றதச் சொல்லிரலாம்."

எனக்கு முதலில் ஸ்டைலுக்காக முறுக்கினார் என்றுதான் தோன்றியது. யோசித்துப் பார்த்தால்... அடடா! இந்த வண்டியில் ஆயில் பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போகிறது. இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை மூடிவிட்டு கியரில் இறங்கினால் பெட்ரோல் போகாது, அதனால் ஆயிலும் போகாது. ஆனால் சக்கரம் இழுப்பதால் பிஸ்டன் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும், காய்ந்துபோய்! நடுநடுவே ஒரு முறுக்கு கொடுத்தால் கொஞ்சம் ஆயில் போய்ச் சேரும். தாத்தா எட்டாங் கிளாஸ். இதை அவருக்கு எந்த புரொஃபசரும் சொல்லித் தரவில்லை.

பதினேழு முறுக்கு

ராத்திரி சாப்பாட்டில் இதைச் சொன்னேன். மாமா தோசையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எனக்கு ஆறு வயசு மாப்ளே. எஸ்டேட் லயத்துல இருந்தோம். காய்ச்சல்ல வலிப்பு வந்துருச்சு. ராத்திரில ஜீப் ஏது? அப்பா என்னைய முதுகோட வேட்டியால கட்டிக்கிட்டு இந்த வண்டியிலதான் எறக்குனாரு. மழை. லைட்டு மினுக் மினுக்குனு எரியுது. எனக்குக் கண்ணத் தொறக்க முடியல. வளைவுக்கு வளைவு அந்த முறுக்குச் சத்தம் மட்டும் கேட்டுச்சு. எண்ணிக்கிட்டே வந்தேன். பதினேழு வந்துச்சு... போடி வந்துருச்சு."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அத்தை இன்னொரு தோசை வைத்தார்.

"நான் சாகுற வரைக்கும் அறுக்காம இருக்கட்டும். அப்புறம் ஒம்பாடு" என்று சிரித்தார் மாமா. நோட்டில் போட்ட கணக்கை அன்றைக்கே கிழித்தேன்.

சென்டிமென்ட்டை விடுங்க, சட்டமும் மாமா பக்கம்தான். 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவு முடிந்து ஐம்பது வருஷம் தாண்டிய வாகனத்தை 'விண்டேஜ்' என்று பதியலாம். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிந்தால் நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்து வரும், கட்டணம் இருபதாயிரம். ஒரு நிபந்தனை: சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் கூடாது. நான் இரண்டு கம்பியை அறுத்திருந்தால், ஐம்பது வருஷம் காத்திருந்து கிடைத்த மரியாதை அரை மணி நேரத்தில் போயிருக்கும். தினசரி ஓட்டவும் முடியாது, கண்காட்சி, விண்டேஜ் ஊர்வலம் மாதிரி விஷயங்களுக்குத்தான். தாத்தா வண்டிக்கு அது போதும்.

அப்போ எதை வாங்குவது?

அடுத்த நாலு நாள் போடி, தேனி, சின்னமனூர் என்று சுற்றினோம். வழிகாட்டி, மெக்கானிக் அண்ணன் ஒருவர். கை முழுக்க கிரீஸ், வாய் முழுக்க வெற்றிலை.

முதலில் ஆர்.எக்ஸ். 100. 1985-ல் வந்து 1996-ல் நின்ற யமஹா. 98 சிசி, 11 குதிரைத் திறன், எடை நூறு கிலோவை ஒட்டி. மண்ணில் விட இதைவிட நல்ல பழைய இந்திய பைக் கிடையாது. விலை? ஒன்னே கால் லட்சம் என்றார் ஓனர். "எதுக்குண்ணே அம்புட்டு?" என்றேன். "நீ வாங்கலேன்னா சென்னைலருந்து ஆளு வரும் தம்பி" என்றார். 2023 ஜூனிலிருந்து சென்னை ரயிலே போடி வரைக்கும் வந்துவிட்டதே, வரட்டும்!

அடுத்து ராஜ்தூத் 175. 'பாபி' படத்தில் ரிஷி கபூர் ஓட்டிய குட்டி ராஜ்தூத்தின் பெரிய அண்ணன். போலந்து நாட்டு டிசைன், இரும்பை அள்ளிப் போட்ட உடம்பு. உரமூட்டை ஏற்ற சூப்பர், தாவுவதற்கு ஆகாது.

மூன்றாவது, தோட்டத்து மோட்டார் ரூமில் நின்ற சுசுகி மேக்ஸ் 100. டி.வி.எஸ்.ஸும் சுசுகியும் கூட்டாக இருந்த காலத்து வண்டி. 2001-ல் இரண்டு கம்பெனியும் பிரிந்துவிட்டன. யாரும் இதை அலமாரியில் வைத்துக் கொஞ்சுவதில்லை. பால் கேன் கட்டினார்கள், புல்லுக்கட்டு கட்டினார்கள், சேற்றில் போட்டார்கள். டேங்க்கில் சொட்டை, சீட்டில் சாக்கு.

மெக்கானிக் அண்ணன் பெயின்ட்டைப் பார்க்கவே இல்லை. குனிந்து ஹேண்டில் கழுத்தைப் பார்த்தார். "சேஸிஸ் இங்கதாண்டா வெடிக்கும். பெயின்ட் மயிர்க்கோடு மாதிரி விட்டிருந்தா வாங்காத." முன் சக்கரத்தைத் தூக்கி மெதுவாகத் திருப்பினார். நடுவில் தடங்கினால் கோன் செட் அவுட். சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தார், ஃபோர்க் ஆட்டம் தெரியும். மேக்னெட் வீலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தார். "ஆடுச்சுன்னா கிராங்க் பேரிங் காலி, அஞ்சாயிரம் வச்சுக்க." கடைசியாக ஒரு கேள்வி: "எத்தன தடவ போர் போட்டிருக்கு?" இரண்டு தடவை என்றால் இன்னும் ஒன்றிரண்டு சைஸ் பாக்கி. கடைசி சைஸ் என்றால் சிலிண்டருக்கு ஸ்லீவ் போடணும்.

எல்லாம் பார்த்துவிட்டு தலையாட்டினார். பதினாறாயிரம் சொன்னவர் பதினாலுக்கு இறங்கினார். ஆர்.சி. ஒரிஜினல், ஆனால் ஓனர் பெயர் அவருடைய அப்பாவுடையது. பெயர் மாற்றாமல் பணம் முழுசாகத் தராதே என்பது அண்ணனின் கட்டளை. பாதி கொடுத்தோம், மீதி பேப்பர் வந்த பிறகு.

பவர் கம்மிதான். 'விண்டேஜ்' என்றும் பீற்றிக்கொள்ள முடியாது. ஆனால் கீழே போட்டால் மனசு வலிக்காது. ரேஸ் பைக்குக்கு முதல் தகுதியே அதுதான் என்று இந்தப் பயணத்தில்தான் புரிந்தது. உடைக்கத் தைரியம் இல்லாத வண்டியில் தாவவும் தைரியம் வராது.

ஒரு விஷயம் தெரியுமா? சி.இசட்.டில் மூன்று தடவை ஜெயித்த ஜோயல் ராபர்ட், 1970-ல் அதை விட்டுவிட்டு வேறு பைக்குக்கு மாறினார். எடை குறைந்த சுசுகி! மேலும் மூன்று பட்டம், வரிசையாக. நானும் அதே வழிதான் என்று ரூம்மேட்டிடம் சொன்னேன். முறைத்தான்.

மலை ரேஸ் டிராக் கிடையாது

எங்கே பழகுவது? குரங்கணிப் பக்கம் மண் ரோடு கண்ணைப் பறிக்கும். ஆனால் 2018 மார்ச் 11-ஐ போடிக்காரர்கள் யாரும் மறக்கவில்லை. மலையேற வந்தவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அன்றைக்கு ராத்திரி மேலே ஏறி ஆட்களைத் தூக்கி வந்தவர்களில் உள்ளூர்க்காரர்களும் உண்டு. அந்தக் காட்டில் புகை கக்கும் டூ-ஸ்ட்ரோக்கோடு விளையாடப் போகிறேன் என்று சொல்லவே நாக்கூசியது. அனுமதி இல்லாமல் வனத்துக்குள் வண்டி விடுவது குற்றம் என்பது தனி.

மெட்டு ரோடும் வேண்டாம். அது ஜீப்பில் போகிற அக்காமார்களின் ரோடு. எங்கள் வீரத்துக்கு அவர்கள் ஏன் பயப்படணும்?

மாமாவுக்குத் தெரிந்தவர் ஒருவரின் தரிசு நிலம், கரட்டு அடிவாரத்தில். ஒரு ஓடை, இரண்டு மேடு, நிறைய முள். கேட்டோம், "மாட்ட மட்டும் பயமுறுத்தாதீக" என்று விட்டார். மாற்றம் செய்த பைக் ரோட்டில் ஓடக் கூடாது என்பதால் குட்டியானையில் ஏற்றித்தான் கொண்டுபோனோம். வாடகை எண்ணூறு. முதல் மேட்டில் விழுந்தேன். இரண்டாவதில் ரூம்மேட். மூன்றாவது சுற்றில் இரண்டு சக்கரமும் தரையை விட்டுக் கிளம்பியது... ஒரு சாண்தான் இருக்கும். சத்தியமாகப் பறந்தேன்!

இதைப் படித்துவிட்டுக் கிளம்பப் போகிறவர்களுக்கு மூன்றே விஷயம். ஒன்று, பட்ஜெட்டைப் பாதியாக்குங்கள். பாதி வண்டிக்கு, பாதி ஹெல்மெட், பூட்ஸ், நீ-கார்டு, உதிரி பாகத்துக்கு. இரண்டு, ரேஸ் என்றால் எஃப்.எம்.எஸ்.சி.ஐ. அங்கீகாரம் உள்ள போட்டிக்கே போங்கள், லைசென்ஸ் எடுங்கள். ஆம்புலன்ஸ் நிற்காத மைதானத்தில் பெயர் கொடுக்காதீர்கள். மூன்று, சின்ன ஊர் என்று கூச்சப்படாதீர்கள். ஷொரணூர் பையன் ஹரித் நோவா 2024 டக்கார் ராலியில் தன் பிரிவில் முதலாவதாக வந்தார். ஷொரணூரும் போடி மாதிரிதான், மலைக்கு அந்தப் பக்கம்!

கிளம்புகிற அன்றைக்குக் காலையில் யெஸ்டியைத் துடைத்து தார்ப்பாய் போர்த்தப் போனேன். மாமா தடுத்தார். "இரு, ஒரு ரவுண்டு போய்ட்டு வாரேன்." அவர் ஓட்டி நான் பார்த்ததே இல்லை. தெருமுனை இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை மூடினார், சத்தம் அடங்கியது.

திருப்பத்தில் ஒரு முறுக்கு கேட்டது.